டெல்டாவில் டிஸ்கஸ் வளர்க்கிறீர்களா? தண்ணீர் சூட்டை முதலில் சரிசெய்யுங்கள்

டிஸ்கஸ் என்ற அலங்காரத் தொட்டி மீனுக்குத் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு பதில் வரும். 26 போதும் என்பவர் உண்டு, 32-க்குக் கீழே விடாதீர்கள் என்பவரும் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரே வேண்டாம் என்று சொல்லி மீனை மட்டும் விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இணையத்தில் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி, அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நமக்கு இருக்கும் சிக்கலே வேறு. இங்கே சித்திரையில் தொட்டி தானாகக் கொதிக்கும். ஐப்பசி அடைமழையில் இரவோடு இரவாகக் குளிரும். நடுவில் கரண்ட் போகும். இதையெல்லாம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 28 சரியா 30 சரியா என்ற வாதத்தைவிட, தொட்டியின் சூடு ஒரே நாளில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் டிஸ்கஸின் உடம்பைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்காகத்தான்.

1. உங்கள் மீனுக்கான எண்ணை முடிவு செய்யுங்கள்

வளர்ந்த டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். இரண்டரை அங்குலத்துக்கும் சிறிய குட்டிகளுக்கு 29 முதல் 31. குட்டிகள் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை சாப்பிட்டு வேகமாக வளர வேண்டியவை. சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகி, தீனியைத் தொடாமல் மூலையில் நிற்கும். ஆனால் 31-க்கு மேலேயே எப்போதும் வைத்திருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனும் ஓய்வில்லாமல் இருக்கும்.

யோசிக்க நேரமில்லை என்றால் 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கூடவே வேறு மீன் விடும் எண்ணம் இருந்தால் இந்த எண்ணை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட், ஸ்டெர்பாய் கோரிடோரஸ் மூன்றும் 29 டிகிரியைத் தாங்கும். தங்கமீன் கூடவே கூடாது. நியான் டெட்ரா பார்க்கக் கார்டினல் மாதிரியே இருந்தாலும் குளிர்ந்த தண்ணீர் மீன். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். சிவப்புக் கோடு உடம்பு முழுக்க ஓடினால் கார்டினல், பாதியில் தொடங்கினால் நியான்.

2. தெர்மாமீட்டரை நம்பும் முன் சோதியுங்கள்

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டை வகையை வாங்காதீர்கள். அது தண்ணீரோடு சேர்த்து அறையின் சூட்டையும் காட்டும். உள்ளே தொங்கும் கண்ணாடிக் குழல் வகை நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வயருடன் வரும் டிஜிட்டல் வகை இருநூறுக்கு முன்னே பின்னே. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிவிடுங்கள், ஏனென்றால் புதிதாக வாங்கியதே ஒன்று, ஒன்றரை டிகிரி தப்பாகக் காட்டுவது சாதாரணம்.

சோதிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் மிகத் துல்லியமானது. ஒரு டம்ளர் தண்ணீரை 37 டிகிரி வரும்படி விளாவி, அதன் முனையையும் தொட்டித் தெர்மாமீட்டரையும் சேர்த்து வையுங்கள். காய்ச்சல் மீட்டர் பாரன்ஹீட்டில் காட்டினால் 98.6 என்பதுதான் 37. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தொட்டி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இனி அதைக் கூட்டியோ கழித்தோ படிக்க வேண்டியதுதான்.

3. மீன் வாங்கும் முன் அறையை அளந்து எழுதுங்கள்

தொட்டியைத் தயார் செய்து, ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர எப்படியும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். ஒரு பழைய நோட்டில் காலை ஆறு, மதியம் மூன்று, இரவு பத்து என்று மூன்று வேளை அறையின் சூட்டையும் தண்ணீரின் சூட்டையும் எழுதி வாருங்கள். பின்னால் மீன் தீனி எடுக்காமல் நின்றால் நீங்கள் முதலில் புரட்டப்போவது இந்த நோட்டைத்தான். யாரிடமாவது ஆலோசனை கேட்டாலும் அவர்கள் முதலில் கேட்பது இந்த எண்களைத்தான்.

வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம் இருக்கும். ஓட்டு வீட்டின் நடுக்கூடம் மே மாதத்தில்கூட ஓரளவு தாங்கும். மேல்மாடியில் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை ராத்திரி பதினொன்று வரை அனல் கக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் டிஸ்கஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேற்குப் பார்த்த சுவரை ஒட்டியும், ஏசிக் காற்று நேராகப் படும் இடத்திலும் தொட்டியை வைக்காதீர்கள். ஏசி அறை என்றால் ராத்திரி 24, பகலில் 33 என்று அறை ஆடும். அந்த ஆட்டம் தொட்டிக்குள்ளும் வரும்.

சிறிய தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். 200 லிட்டருக்குக் குறைந்து டிஸ்கஸ் வைக்கத் தொடங்காதீர்கள்.

4. ஹீட்டர்: ஒன்று பெரியதாக வேண்டாம், இரண்டு சிறியதாக வாங்குங்கள்

மார்கழி, தை விடியற்காலையில் நம் பக்கம் வெளியே 20, 21 வரை இறங்கும். வீட்டுக்குள் 23, 24 இருக்கும். அதாவது தொட்டியை அறையைவிட ஐந்தாறு டிகிரி மேலே நிறுத்தினால் போதும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கு நமக்குத் தாராளம். 200 லிட்டர் தொட்டிக்கு 100 வாட்டில் இரண்டு.

ஏன் இரண்டு? மலிவான ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் பகுதி) ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் நிற்காமல் ஓடுவது அடிக்கடி நடக்கும். 200 வாட் ஹீட்டர் ஒன்று 200 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஐந்தாறு டிகிரி ஏறிவிடும். 100 வாட் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டால் ஏற்றம் பாதி வேகத்தில்தான் இருக்கும். காலையில் பார்த்துக் காப்பாற்ற நேரம் கிடைக்கும். ஒன்று வேலை செய்யாமல் போனாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும்.

இதற்கும் மேலே ஒரு காவல் வேண்டும். டெம்பரேச்சர் கண்ட்ரோலர் என்று ஒரு சிறு பெட்டி, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அது தண்ணீரின் சூட்டைத் தனியாக அளந்து, ஹீட்டருக்குப் போகும் கரண்டைப் போட்டு அணைக்கும். ஹீட்டரின் திருகை 30-ல் வைத்துவிட்டு, கண்ட்ரோலரை 29-ல் வையுங்கள். கண்ட்ரோலர் வேலை செய்யும் வரை ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டுக்கு வேலை வராது; கண்ட்ரோலர் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் 30-ல் தானே நின்றுவிடும். விலையுயர்ந்த ஹீட்டர் ஒன்றில் பணத்தைக் கொட்டுவதைவிட, நடுத்தர ஹீட்டர் இரண்டும் ஒரு கண்ட்ரோலரும் வாங்குவதே மேல் என்பேன்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். அதில் வாட் அளவும் வாரண்டி மாதமும் எழுதியிருக்க வேண்டும். பெட்டியில் 100 என்று அச்சிட்டு உள்ளே வேறு அளவு இருப்பதும் உண்டு. ஹீட்டரின் தலையில் உள்ள எழுத்தைக் கடையிலேயே படித்துவிடுங்கள். பில் இல்லாமல் எந்த ஹீட்டரையும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

மின்சாரப் பாதுகாப்பை விட்டுவிடாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒழுகும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள்.

மின்கட்டணம்: மூடி போட்ட 200 லிட்டர் தொட்டிக்குக் குளிர் மாதங்களில் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் ஆகும் என்பது என் கணக்கு. இரண்டு மாத பில்லில் நூறு யூனிட் அளவுக்குக் கூடும். உங்கள் வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 400-ஐத் தாண்டியிருந்தால் கவனம் தேவை. 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் முந்தைய யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்து, பில் சட்டென்று எகிறும். தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடியும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெர்மாகோல் அட்டையும் வைத்தாலே செலவு நன்றாகக் குறையும். அடியில் தெர்மாகோல் எப்படியும் வைத்திருப்பீர்கள்.

5. கத்திரி வெயிலில்

மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நிற்கும் அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே 38, 40 தொடும். ஹீட்டர் இல்லாமலேயே தொட்டி 33, 34-க்குப் போகும். இந்த நாட்களிலும் ஹீட்டரைக் கண்ட்ரோலரோடு அப்படியே விட்டுவைக்கலாம். கோடை மழை பெய்து இரவில் திடீரென்று குளிர்ந்தால் அது தானே வேலை செய்யும்.

33 டிகிரியில் மீனைச் சூடு நேரடியாகக் கொல்வதைவிட மூச்சுமுட்டல்தான் முதலில் வரும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30-ல் அது 7.5, 34-ல் 7-ஐ ஒட்டி நிற்கும். மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவை அதிகம். செவுள் வேகமாக அடித்துக்கொண்டு மேற்பரப்பை ஒட்டி நின்றால் அதுதான் காரணம். ஆகவே முதல் வேலை இன்னொரு ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டி, தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் கல்) போடுவது. சூட்டைக் குறைப்பது அதற்கு அப்புறம்.

குறைக்க மலிவான வழி ஃபேன். மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேற்பரப்பில் சாய்வாகக் காற்று படும்படி சிறிய டேபிள் ஃபேன் வையுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற உள்பகுதியில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். நாகை, வேதாரண்யம், அதிராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், அந்த அளவுக்கு இறங்காது. ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை நிரப்பப் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, ஏறிவிடும். நிரப்புவதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர் பயன்படுத்துங்கள்.

ஐஸ் பாட்டில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், அளவு தெரிந்து போட வேண்டும். ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் முழுக்கக் கரைந்தால் 200 லிட்டர் தொட்டியை அரை டிகிரியை ஒட்டித்தான் குறைக்கும். அதனால் ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டில், மூடியை இறுக்கி. மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி, சூடு ஏறாமல் பிடித்து நிறுத்துவதுதான் நோக்கம். 34 ஆன பிறகு நான்கைந்து பாட்டிலை ஒன்றாகப் போட்டுச் சட்டென்று கீழே இழுப்பது, சூட்டைவிடப் பெரிய கெடுதல்.

இந்த நாட்களில் தீனியைக் குறையுங்கள். அழுகும் மிச்சத் தீனியிலிருந்து அம்மோனியா வரும். பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 இருக்கும் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 25 டிகிரியில் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். 30-ல் ஏழரை சதவீதம். நம் போர்த் தண்ணீரில் பிஎச் எட்டை ஒட்டி இருப்பது அபூர்வமல்ல.

6. மீன் வீட்டுக்கு வரும் நாள்

பெரும்பாலோர் சென்னை கொளத்தூரிலிருந்து வாங்குகிறார்கள், அல்லது விற்பவர் பஸ் பார்சலில் அனுப்புகிறார். இரவு பஸ்ஸில், தெர்மாகோல் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். மே மாதத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் பார்சல் வேண்டாம். மாசி, பங்குனியும் ஆவணியும் பரவாயில்லை. விற்பவரிடம் அவருடைய தொட்டியின் டிகிரி, பிஎச், டிடிஎஸ் மூன்றையும் எழுத்தில் வாங்கி, முதல் நாள் உங்கள் தொட்டியையும் அதே டிகிரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பார்சல் ரசீதை வைத்திருங்கள். பையைத் திறக்கும் முன் வீடியோ எடுங்கள்; செத்த மீனுக்கு மாற்று தர அதைத்தான் கேட்பார்கள்.

பையைத் திறக்காமல் தொட்டியில் 20 முதல் 30 நிமிடம் மிதக்க விடுங்கள். சூடு சமமாகிவிடும். பையைத் திறந்துவிட்டு மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கச் சொல்வார்கள். நீண்ட பயணம் வந்த பைக்கு அது ஆபத்து. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு பிஎச்-ஐத் தாழ்த்தி, அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா நச்சாகும். திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். அன்றைக்கு விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

7. தண்ணீர் மாற்றுவது

நன்றாக வைத்திருந்த சூடு கெடுவது பெரும்பாலும் இந்த வேலையில்தான். கணக்கு எளிது: தொட்டியில் கால் பங்கு மாற்றினால், புதுத் தண்ணீருக்கும் தொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கு தொட்டியில் தெரியும். தொட்டி 29, மார்கழிக் காலையில் வாளித் தண்ணீர் 23 என்றால், கால் பங்கு மாற்றியதும் தொட்டி ஒன்றரை டிகிரி இறங்கும். பாதி மாற்றினால் மூன்று டிகிரி. மறுநாள் உடம்பு கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கும். சில நாளில் வெள்ளைப் புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வரலாம்.

மே மதியத்தில் இதே கதை தலைகீழ். மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர் 40-ஐத் தாண்டும், குழாயில் முதலில் வருவது இன்னும் சூடு. நேராகக் குழாயிலிருந்து தொட்டிக்குப் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

என் வழக்கம் இது. மூடியுள்ள நூறு லிட்டர் டிரம் ஒன்றை வீட்டுக்குள் தொட்டி அருகிலேயே வைத்து, முதல் நாள் காலையிலேயே நிரப்பி, ஏர் ஸ்டோன் போட்டுவிடுகிறேன். நகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் 24 மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்துவிடும்; மீதிக்குக் கடையில் ஹைப்போ என்று விற்கும் குளோரின் நீக்கி. குளிர் மாதத்தில் டிரம்முக்குள் உதிரியாக ஒரு ஹீட்டர். பிளாஸ்டிக் டிரம்மின் சுவரில் ஹீட்டர் படாமல் தொங்கவிட வேண்டும். ஊற்றும் முன் இரண்டு பக்கமும் அளந்து, அரை டிகிரிக்குள் வந்தால்தான் மாற்றம்.

ஹீட்டரை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தண்ணீரை இறக்குங்கள். சூடான கண்ணாடிக் குழல் காற்றில் வெளிப்பட்டு, மேலே புதுத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். வேலை முடிந்ததும் மறக்காமல் ஸ்விட்சைப் போடுங்கள். கதவருகே ஒரு சீட்டு ஒட்டிவைத்தாலும் தப்பில்லை.

8. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்னரே செய்தித்தாளில் வந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை போகும். அந்த நாளில் காலைத் தீனி வேண்டாம். பகலில் தண்ணீர் குளிர்வது பிரச்சினையாகாது, ஆக்சிஜன்தான் பிரச்சினை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி, சார்ஜில் வைத்திருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஏர் பம்ப்பை மட்டும் மாட்டுங்கள், ஐந்து வாட்தான் இழுக்கும். ஹீட்டரை மாட்டினால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி.

புயல் வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஐப்பசி தொடங்கும் முன் பழைய கம்பளி இரண்டு, மூடியுள்ள சேமிப்புத் தண்ணீர், உதிரி பேட்டரி எடுத்து வையுங்கள். தொட்டியை நான்கு பக்கமும் கம்பளியால் சுற்றி, மேலே காற்றுக்கு இடைவெளி விடுங்கள். அடுப்பில் சுடவைத்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டு மாற்றி மாற்றிப் போடலாம். நேராக ஊற்ற வேண்டாம். 26 வரை மெதுவாக இறங்கினால் வளர்ந்த மீன் சில நாள் தாங்கும். கரண்ட் வந்ததும் ஹீட்டரை ஒரேயடியாக 29-ல் வைக்காமல், நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றுங்கள்.

9. நோய் வந்தால் சூட்டை ஏற்றலாமா

எந்த நோய்க்கும் 32-க்கு ஏற்று என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. வெள்ளைப் புள்ளிக்கு அது உதவும். ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி சூட்டில் வேகமாக ஓடி, அது தண்ணீரில் நீந்தும் பருவத்துக்குச் சீக்கிரம் வரும். மருந்து வேலை செய்வது அந்தப் பருவத்தில்தான். இப்படிச் சிகிச்சைக்காக ஏற்றும்போது மட்டும் நாளுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கைத் தாண்டலாம்; ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம், ஏர் ஸ்டோனைக் கூட்டுங்கள்.

ஆனால் வாயிலும் துடுப்பிலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக வந்தால் நிறுத்துங்கள். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. சூடு கூடக் கூட அது வேகமாகப் பரவும்; 32-க்கு ஏற்றினால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகலாம். அப்போது 28-ஐ ஒட்டி மெதுவாக இறக்கி, நோய்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மருந்தைத் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். எது என்று பிரித்தறிய முடியவில்லை என்றால் சூட்டைத் தொடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் மீனைத் தெளிவாகப் படம் எடுத்து, நோட்டில் உள்ள கடைசி ஒரு வார எண்களோடு அனுபவமுள்ளவரிடமோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ காட்டுங்கள்.